முதுமையும் மாத்திரையும்

என் தமக்கையார் ஒரு தகர டப்பா வைத்திருந்தார். தீபாவளிக்கு எவரோ பிஸ்கட்டு வைத்துக் கொடுத்தது. மூடியின்மீது ரோஜாப்பூ வரைந்திருக்கும். அதனுள் பிஸ்கட்டு இருந்த காலம் எனக்கு நினைவில் இல்லை. நான் பார்த்த நாளெல்லாம் மாத்திரை அட்டைகளே நிறைந்திருந்தன. விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, சிற்றுண்டிக்கு முன் ஒன்று, பின்னர்ச் சில, இரவில் சில என்று எண்ணிப் பார்த்தால் வகையால் ஒன்பது மருந்து. அத்தனையையும் வேளை தவறாமல் உண்பதில் அவருக்கு ஒரு பெருமிதங்கூட இருந்தது. பேரப்பிள்ளைகள் வாய்பாடு ஒப்பிப்பதுபோல், 'வெள்ளை, மஞ்சள், பாதி வெள்ளை, சிவப்பு' என்று ஒப்பித்துக்கொண்டே விழுங்குவார்.

அவர் என்னைவிட 14 ஆண்டு மூத்தவர். தாயை இளமையிலேயே இழந்த எனக்குத் தாயாய் இருந்தவர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியின்றி நான் திகைத்து நின்றபோது, தம் கைவளை இரண்டைக் கழற்றித் தந்தவர். 2022-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழையிரவு ஒன்றில், அவர் புழக்கடைக்குப் போகும் வழியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. அப்போது அவருக்கு வயது 78. அஃது அவ்வாண்டில் மூன்றாவது வீழ்ச்சி.

வீழ்ச்சியோடு நின்றிருந்தால் அதனை மழையின்மேலோ பாசியின்மேலோ போட்டிருப்போம். ஓராண்டாகவே அவருடைய நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது. குழம்பில் உப்பை இருமுறை இடுவார். என் மகனை என் பெயர் சொல்லி அழைப்பார். பகலெல்லாம் சாய்வு நாற்காலியில் தூங்கி வழிவார். ஒருநாள் என் கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, எனக்கு அறிவு கலங்கிக்கொண்டு வருகிறது. முழுவதும் கலங்குமுன் போய்விட வேண்டும்" என்றார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

கையில் கட்டுப் போட்டவர்கள் எலும்பைச் செவ்வனே கவனித்தார்கள். விழுந்தது ஏன் என்று வினவியவர் எவருமிலர். நானும் வினவவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். 'வயதானால் விழத்தானே செய்வார்கள், மறக்கத்தானே செய்வார்கள்' என்று அமைந்துவிட்டேன். வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் தராத கணக்காசிரியன் நான். அந்த நான், 'முதுமை' என்னும் ஒரே விடையை எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டு வாளாவிருந்தேன்!

பின்னர் ஓர் உறவினர் சொற்கேட்டு, முதியோர் மருத்துவத்தில் பயிற்சி பெற்ற மருத்துவ அம்மையார் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். முதியோர் மருத்துவம் என்பது நம் நாட்டில் புதிய துறை அன்று. 1978-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோர்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கு உயர்பட்டப் படிப்பும் தொடங்கிற்று. நான்தான் அறியாதிருந்தேன்.

அம்மையார் எங்களை முதல்நாள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார். "வீட்டில் அம்மா உண்பவை, பூசுபவை, கடையில் தாமே கேட்டு வாங்குபவை, லேகியம், சூரணம், ஒன்றையும் விடாமல் எடுத்து வாருங்கள்" என்றார். மறுநாள் ஒரு மஞ்சள் பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனோம். அவர் அவற்றை மேசைமேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் எடுத்து மூன்று கேள்வி கேட்டார். இஃது எதற்கு? எப்போது தொடங்கியது? தொடங்கியதற்குரிய காரணம் இன்றும் இருக்கிறதா? ஒன்பதில் மூன்று மருந்துகளுக்கு முதற் கேள்விக்கே எங்களிடம் விடை இல்லை. எனினும் பல ஆண்டுகளாக உண்டு வந்திருக்கிறார்!

பழைய சீட்டுகளைக் காலமுறைப்படி அடுக்கியபோது வெளிப்பட்ட வரலாற்றை நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததன் உயிர்நாடி அதுதான்.

2014-ஆம் ஆண்டில் இரத்தக் கொதிப்பு என்று கண்டு, அம்லோடிபின் என்னும் மாத்திரை தொடங்கப்பட்டது. நல்ல மருந்து, மலிவானது, உலகெங்கும் எண்ணற்றவர்களைப் பக்கவாதத்தினின்று காத்து வருவது. ஆயினும் சிலருக்கு, சிறப்பாக அளவு கூடும்போது, அதனால் கணுக்கால் வீங்கும். அளவை 10 மில்லிகிராமாக உயர்த்தியபின் என் தமக்கையாருக்கும் வீங்கிற்று. வீக்கத்தைக் கண்ட வேறொரு மருத்துவர், உடம்பில் நீர் சேர்ந்திருப்பதாகக் கருதி, நம்மவர்கள் 'நீர் மாத்திரை' என்று வழங்கும் மருந்தை எழுதினார். நீர் மாத்திரை தன் வேலையைச் செய்தது; சிறுநீர் அடிக்கடி, அடக்க இயலாத விரைவோடு வந்தது. இதனை மூன்றாம் மருத்துவரிடம் சொன்னபோது, அவர் அதனைச் சிறுநீர்ப்பையின் கோளாறு எனக் கொண்டு, பையின் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை ஒன்று தந்தார். அவ்வகை மருந்துகளுட் பல வாயை உலர்த்தும்; மலத்தை இறுக்கும்; முதியோர்க்கு நினைவையும் மங்கச் செய்யும். மலம் இறுகியதும் அதற்கு ஒரு மருந்து வந்தது. நீர் மாத்திரையால் உடம்பின் நீர் குறைந்து, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டெனத் தாழ்ந்து தலை சுற்றியது. தலைச்சுற்றலுக்கு ஒரு மாத்திரை வந்தது. அம்மாத்திரை தூக்க மயக்கம் தருவது. இத்தனைக்கும் மேலே, இரவு உறங்குவதற்கு ஒரு மாத்திரை.

ஆக, ஒரு மருந்தின் நிழலை நோயென்று மயங்கி மற்றொரு மருந்து. அதன் நிழலுக்கு வேறொன்று. 1997-இல் பாலா ரோஷன், ஜெரி குர்விட்ஸ் என்னும் மருத்துவர் இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்நிலையை விளக்கி எழுதினர். ஒரு பாறையினின்று மறு பாறைக்கு வீழ்ந்து வீழ்ந்து இறங்கும் அருவிக்கு இதனை ஒப்பிட்டுப் பெயரிட்டனர். இதிற் குற்றவாளி என்று எவரையும் நான் காட்டமாட்டேன். ஒவ்வொரு மருத்துவரும் தம்முன் நின்ற துன்பத்துக்கு அன்றைய நிலையில் நேர்மையாகவே மருந்து எழுதினார். அவர்களுள் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எல்லாச் சீட்டும் கண்ட ஒரே ஆள், சீட்டுகளைப் படிக்கத் தெரிந்தும் படிக்காமல் பையில் மடித்து வைத்த நான்தான்.

தூக்க மாத்திரையின் கதை தனிக்கதை. 2011-இல் என் அத்தான் மறைந்தபோது, பதினைந்து நாள் கண்மூடாதிருந்த தமக்கையாருக்கு டயாசிபாம் என்னும் மாத்திரை தரப்பட்டது. சில நாளுக்கென்று தந்தது பதினொரு ஆண்டு தொடர்ந்தது. துயரம் தணிந்தது; மாத்திரை தணியவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய நாளை எவரும் நாட்காட்டியிற் குறிக்கவில்லை. அரசு என்னை 2016-இல் குறித்த நாளில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. மாத்திரைகளுக்கு அத்தகைய விதி ஒன்றும் இல்லை.

'தொடக்கத்திலிருந்தே உண்பது ஆயிற்றே, உடம்புக்குப் பழகியிருக்காதோ?' என்று நீங்கள் கேட்கலாம். மருந்து மாறவில்லை, உடம்பு மாறிவிட்டது. இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வானொலியில் கரும்பலகை இல்லையே என்ற குறை எனக்கு இருப்பினும், எழுதுகோல் உங்களிடம் இருக்கும்.

கதிரியக்கப் பொருள்களைப் பற்றிப் படிக்கும்போது 'அரை ஆயுட்காலம்' என்று கற்கிறீர்கள். ஒரு பொருள் தன் அளவிற் பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலம் அது. உடம்பினுட் புகுந்த மருந்துக்கும் அஃது உண்டு. 1975-ஆம் ஆண்டில் கிளாட்ஸ் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, டயாசிபாம் மருந்தின் அரை ஆயுட்காலம் 20 வயதினர் உடம்பில் ஏறக்குறைய 20 மணி. 80 வயதினர் உடம்பிலோ ஏறக்குறைய 90 மணி. முதுமையில் உடம்பின் நீர்ப்பங்கு குறைந்து கொழுப்புப்பங்கு கூடுகிறது. டயாசிபாம் கொழுப்பிற் கரைந்து அங்கே தங்குவது. இனிக் கணக்கு. இருவரும் நாள்தோறும் இரவில் ஒரு மாத்திரை வீதம் பல வாரம் உண்பதாகக் கொள்வோம். 24 மணி கழிந்தபின், இருந்த மருந்தில் இளைஞர் உடம்பில் நூற்றுக்கு 44 பங்கு எஞ்சும். முதியவர் உடம்பில் 83 பங்கு எஞ்சும். அதன்மேல் அன்றைய மாத்திரை சேரும். மறுநாளும் அவ்வாறே. பெருக்குத் தொடரின் கூடுதல் காணத் தெரிந்தவர்கள் முடிவிலி வரை கூட்டிப் பாருங்கள். இளைஞர் உடம்பில் அந்த இருப்பு இரண்டு மாத்திரையைக்கூட எட்டாமல் நின்றுவிடும். முதியவர் உடம்பில் ஏறத்தாழ ஆறு மாத்திரைக்குப் போய் நிற்கும். உண்பது ஒன்று, உடம்பில் இருப்பது ஆறு! நள்ளிரவில் எழுந்து புழக்கடைக்கு நடந்த என் தமக்கையார் இந்த ஆறு மாத்திரையைச் சுமந்துகொண்டுதான் நடந்தார்.

சிறுநீரகமும் அப்படியே. நாற்பது வயதுக்குப்பின் அதன் வடிகட்டும் திறன் பெரும்பாலோர்க்கு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. இதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. சிறுநீரகத்தை அளக்க இரத்தத்திற் கிரியாட்டினின் என்னும் பொருளைப் பார்க்கிறார்கள். அப்பொருள் தசையினின்று வருவது. முதுமையில் தசையும் மெலிவதால், வடிகட்டி பழுதானபோதும் அளவு ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். ஆதலால் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டே மருந்தின் அளவை முடிவு செய்வர்.

மருந்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதும் உண்டு. இரண்டு மருந்துக்கு ஓர் இணை. ஐந்துக்குப் பத்து இணை. ஒன்பதுக்கு 36 இணை. ஒவ்வோர் இணையும் தீங்கு செய்யும் என்பதன்று. 36 இணைகளையும் ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதுதான். ஐந்தும் அதற்கு மேலும் மருந்து உண்போரைத் தனியாகக் கவனிக்க வேண்டுமென்று மருத்துவ நூலார் பொதுவாகச் சொல்வதன் காரணம் இதனால் விளங்கும்.

இத்தகைய கவலை உலகில் எழுந்து சில பத்தாண்டுகள் ஆகின்றன. 1991-இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் என்பவர், முதியோர் இல்லங்களில் வாழ்வோர்க்குப் பெரும்பாலும் தகாத மருந்துகள் இவை என்று ஒரு பட்டியல் வகுத்தார். அவர் பெயராலேயே வழங்கும் அப்பட்டியல் பலமுறை திருத்தப்பெற்று, 2023-இலும் புதுப்பிக்கப்பட்டது. டயாசிபாம் இனத்து மாத்திரைகள் அதில் இடம்பெற்றவை. 2008-இல் அயர்லாந்து நாட்டு மருத்துவர்கள் இரண்டு பட்டியல்களை ஒருங்கே வெளியிட்டார்கள். ஒன்று, நிறுத்த எண்ண வேண்டியவை. மற்றது, தர வேண்டியிருந்தும் தராமல் விட்டவை. இரண்டாவது பட்டியலை நான் பெரிதும் மதிக்கிறேன். முதியவர்தானே என்று வேண்டிய மருந்தைத் தராமல் விடுவதும் தவறுதான் அல்லவா?

வேண்டாத மருந்தை மருத்துவர் மேற்பார்வையிற் குறைத்தும் நிறுத்தியும் வருவதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் ஒன்று 2003-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் மைக்கேல் உட்வர்டு எழுதிய கட்டுரையிலிருந்து வழங்கலாயிற்று. தமிழில் மருந்துக் குறைப்பு என்கிறோம். எனக்கென்னவோ, களையெடுப்பு என்ற சொல் பொருத்தமாகத் தோன்றுகிறது. களையெடுக்க இறங்குகிறவன் பயிர் எது, களை எது என்று அறிந்தவனாக இருக்க வேண்டும்; கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குகிறவனுக்கு வயலில் வேலை இல்லை.

நேற்றுப் பயிராய் இருந்தது இன்று களையாகலாம். அறிவு வளர்வதாலும் அவ்வாறு நேரும். மாரடைப்பு வராமற் காக்கும் என்று ஆஸ்பிரின் மாத்திரையைச் சிறிய அளவில் நாள்தோறும் உண்பது பலருக்கு வழக்கமாய் இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2018-இல் வெளிவந்தது. அவர்களுட் பெரும்பாலோர் 70 வயதைக் கடந்தவர். இதய நோயோ பக்கவாதமோ முன்பு வந்திராதவர். அன்னார்க்கு ஆஸ்பிரின் நலமான ஆயுளை நீட்டவில்லை. கடுமையான இரத்தக் கசிவையே மிகுவித்தது. முன்பே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது. அவர்களுக்கு அதே மாத்திரை உயிர்க்காவல். ஒரே மருந்து, ஒருவருக்குப் பயிர், அடுத்த வீட்டுக்காரருக்குக் களை.

இவ்விடத்தில் என் அறியாமையின் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமக்கையாரின் பைக்குள் நடந்த ஆராய்ச்சியைக் கண்டு எனக்கு ஊக்கம் மிகுந்துவிட்டது. நானும் இரத்தக் கொதிப்புக்கு மெட்டோபுரோலால் என்னும் மாத்திரை உண்டு வந்தேன். 'காலையில் மூன்று கல் தொலைவு நடக்கிறேன், உப்பைக் குறைத்துவிட்டேன், இனி எதற்கு இது?' என்று ஒரு திங்கட்கிழமை நானே நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை காய்கறிச் சந்தையில் நெஞ்சு பறையடிப்பதுபோல் அடித்துக்கொண்டது, கண் இருண்டது, கத்தரிக்காய்க் கூடைக்காரி எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டது நியாயமே. அவ்வகை மருந்து நெடுநாள் இதயத்தின் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும், பிடியைத் திடீரென விட்டால் இதயம் முன்னிலும் வேகமாகப் பாயும், மாரடைப்பும் நேரக்கூடும். டயாசிபாமைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வலிப்பு நோய் மருந்து, இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளையும் தொடக்கூடாது. பள்ளியில் முப்பது ஆண்டு பிறருக்கு விதி சொன்னவன் தன் உடம்பில் விதியை மீறியதற்குச் சாட்சி, அந்தக் கூடைக்காரி.

இனித் தமக்கையாருக்கு அம்மையார் செய்ததைக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒருசேர நீக்கவில்லை. ஒரு காலத்தில் ஒன்று என்பது அவர் வகுத்த முறை. இரண்டை ஒருங்கே நிறுத்திவிட்டு ஏதேனும் நேர்ந்தால், எதனால் நேர்ந்தது என்று அறிய முடியாதல்லவா? ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை நிலையாக வைக்கச் சொல்லித் தருகிறோமே, அதுவே இது.

அருவியை அதன் தலையிலே தடுத்தார். அம்லோடிபின் அளவைக் குறைத்து, வேறு இனத்து இரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றுக்கு மாற்றினார். வீக்கம் வடிந்தது. பின்னர் நீர் மாத்திரையை நிறுத்தினார். இரவில் எழுவது ஐந்து முறையினின்று இரண்டாயிற்று. அதன்பின் சிறுநீர்ப்பை மாத்திரை, தலைச்சுற்றல் மாத்திரை, மலமிளக்கி என்று ஒவ்வொன்றாய் விடைபெற்றன. ஒவ்வொன்றுக்கும் இடையே சில வாரம் விட்டு, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றபின்னும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். நான் ஒரு கணக்குப் புத்தகத்தில் குறித்து வந்தேன்.

தூக்க மாத்திரைதான் போராட்டம். இரு வாரத்துக்கு ஒரு முறை கால் மாத்திரை குறைப்பது என்று தொடங்கினோம். அரை மாத்திரைக்கு வந்தபோது தமக்கையார் மூன்று இரவு விழித்திருந்து, "தம்பி, இந்த வயதில் என்னை ஏன் வதைக்கிறாய்?" என்று அழுதார். அம்மையார் அவசரப்படவில்லை. "அங்கேயே சில வாரம் நிற்போம்" என்றார். மூன்று வாரம் நின்றோம். பகலுறக்கத்தைக் குறைத்து, மாலைக் காப்பியை விட்டு, படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தினோம். ஏறக்குறைய நான்கு மாதத்தில் மாத்திரை ஒழிந்தது.

எல்லாம் நினைத்தவண்ணம் நடந்துவிடவில்லை. முன்பு முழங்கால் வலிக்கு உண்ட மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காதிருக்கும்பொருட்டு, பான்டபிரசோல் என்னும் அமிலத் தடுப்பு மாத்திரை தொடங்கியிருந்தார்கள். வலி மாத்திரை நின்று ஆறு ஆண்டு ஆகியும் காவலன் மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தான். நிறுத்தியவுடன் நெஞ்செரிச்சல் வந்தது. நெடுநாள் அடக்கப்பட்ட அமிலம் சில வாரத்துக்கு மிகுதியாகச் சுரப்பது இயல்பாம். வேண்டியபோது மட்டும் உண்ணலாம் என்று அம்மையார் இடங்கொடுத்தார். இன்றும் மாதத்தில் இரண்டொரு நாள் உண்கிறார். நீரிழிவு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் இருந்தவாறே இருக்கின்றன. குறைக்கப் போன இடத்தில் ஒன்று கூடவும் செய்தது. சிறு வீழ்ச்சியில் மணிக்கட்டு முறிந்தமையால் எலும்பு நலிந்திருப்பது தெரிந்தது. ஆண்டுக்கு ஒரு முறை அதற்கு ஊசி. மேலே சொன்ன அயர்லாந்து மருத்துவர்களின் இரண்டாம் பட்டியலுக்குரிய மருந்து அது.

நினைவு முழுவதும் திரும்பிற்று என்றால் பொய்யாகும். பெயர்கள் இன்னும் தப்புகின்றன. ஆனால் பகலுறக்கம் போயிற்று; அதன்பின் இன்றுவரை விழவில்லை; சமையலறைக்குத் திரும்பினார்; உப்பு ஒரு முறைதான் விழுகிறது. மருந்தைக் குறைத்தால் ஆயுள் நீளும் என்று ஆராய்ச்சிகள் இன்னும் உறுதியாகக் காட்டவில்லை. மேற்பார்வையோடு குறைப்பது பெரும்பாலும் தீங்கற்றது என்றே காட்டியிருக்கின்றன. எஞ்சிய நாள்களைத் தெளிந்த அறிவோடு கழிப்பதே பெரும்பேறு என்று நான் அமைகிறேன்.

மருந்தை இகழ்வது என் கருத்தன்று. மருந்து கிட்டாமையால் மாண்டவர்களை என் இளமையில் மிகுதியாகக் கண்டவன் நான். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தால் இரத்தக் கொதிப்பு மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வாயிற்படிக்கே வரத் தொடங்கியபோது மகிழ்ந்தவன். மாத்திரை வீடு தேடி வரும் காலத்தில், வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

அந்தக் கண் உங்களுடையதாக இருக்கலாம். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுடையது என்கிறார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன். நான்காமவரை ஏனைய மூவரோடு ஒரே வரிசையில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். உங்கள் பாட்டனாரின் மாத்திரை அட்டையில் உள்ள சிற்றெழுத்தை அவரால் படிக்க முடியாது, உங்களால் முடியும். ஒரு தாளை எடுத்து மருந்தின் பெயர், அளவு, எழுதிக் கொடுத்தவர், தொடங்கிய ஆண்டு, எதற்காக என்பவற்றை எழுதுங்கள். ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இரண்டு அட்டையாக இருப்பதைக்கூடக் காண்பீர்கள். அத்தகைய வீடுகள் உண்டு. புதிதாக ஏதேனும் தொல்லை தோன்றினால், அதற்குச் சற்றுமுன் எந்த மருந்து தொடங்கியது என்று பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டா. தாளை மருத்துவரிடம் நீட்டினாற் போதும்.

அறிவூட்டினால் முதியோர் மாறுவரோ என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில், நெடுநாள் தூக்க மாத்திரை உண்ட 65 வயதுக்கு மேற்பட்ட 303 பேரைக் கொண்டு காரா டானன்பாம் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். ஒரு பாதியினர்க்கு ஒரு சிறு கையேடு தந்தார்கள். சரியா, தவறா என்னும் வினாக்கள், விடைகள், மாத்திரையை முழுதாய், பாதியாய், காலாய்ப் படம் வரைந்து காட்டும் குறைப்புக் கால அட்டவணை, மருத்துவரைக் கலந்துகொள்க என்னும் எச்சரிக்கை ஆகியவை அதில் இருந்தன. 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களுள் நூற்றுக்கு 27 பேர் மாத்திரையை விட்டிருந்தனர். பெறாதவர்களுள் நூற்றுக்கு ஐவர் மட்டுமே. பின்னர் மருந்துக் கடைக்காரர்கள் கையேட்டை நோயாளிக்கும், தம் கருத்துரையை மருத்துவர்க்கும் அனுப்பிச் செய்த ஆராய்ச்சியில் 100-க்கு 43 பேர் விட்டனர் என்று 2018-இல் தெரிந்தது. கற்பித்தலின் வலிமையில் நம்பிக்கை தளர்ந்து ஓய்வுபெற்ற என் நண்பர்கள் சிலருக்கு இந்த எண்களை நான் எழுதி அனுப்பினேன்.

சென்ற 2024-ஆம் ஆண்டு மார்கழியில் தமக்கையாருக்கு இருமல் கண்டது. அருகிலுள்ள இளம் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். நெஞ்சைச் சோதித்துவிட்டு மாத்திரை எழுதத் தொடங்கினார். தமக்கையார் தம் கைப்பையிலிருந்து எங்கள் தாளை எடுத்து அவர்முன் விரித்து வைத்துவிட்டு, "இஃது எத்தனை நாளைக்கு, டாக்டர்?" என்று கேட்டார். அவர் எழுதுகோலை நிறுத்தி, தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு மருந்தின் பெயருக்கு எதிரே '5 நாள்' என்று எழுதினார்.